வலப்பக்கம் திரும்பாத தெருக்கள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களின் வலது கால் அவர்கள் பேச்சைக் கேட்காது. மாஸ்டரின் கால் அந்த ரகம்தான். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் இடப்பக்கத்து இருக்கைக்குக் கீழே அவருக்கென்று இன்னொரு பிரேக் வைத்திருந்தார்கள். ஓட்டப் பழகுகிறவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று தெரிந்தால் மாஸ்டர் அதை மிதித்துக் கம்பத்தையும் காப்பாற்றுவார், ஆளையும் காப்பாற்றுவார். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. அதனால் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, அதில் எவனாவது வேகமாக வண்டி ஓட்டினால் மாஸ்டரின் கால் தரையை மிதிக்கும். மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மிதித்து மிதித்து, கால் வைக்கிற கம்பியையே ஆட வைத்துவிட்டார்.

"ஓட்டறது நானு. நீங்க ஏன் மிதிக்கறீங்க?" என்பாள் அவள்.

"நான் எங்க மிதிச்சேன்?" என்பார் இவர். பொய் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தது பல் டாக்டரம்மா. அடுத்தவர் வாய்க்குள் ஊசியைக் கொண்டுபோகும்போது துளிகூட நடுங்காத கை அவருக்கு. ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அவருடைய பல்லே தந்தியடிக்கும். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் ஒருமாதிரி சமாளித்துத் திரும்பிவிடுவார். வலப்பக்கம் என்றால் எதிரே வருகிற வண்டிகளைத் தாண்டிக் குறுக்கே போக வேண்டுமே, கண்ணை மூடிக்கொள்வார். கிளினிக் திறப்பதற்கு முன்னால், செவ்வாயும் வெள்ளியும் காலையில் வந்து இப்படிக் கண்ணை மூடித் திறந்துவிட்டுப் போவார்.

தபால் ஆபீஸ் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட மணி அடித்து முடிந்த நேரம். சீருடை போட்ட ஒரு பெண், பள்ளிக்கு நேர் எதிர்த் திசையில், அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தாள். முதுகில் பச்சைப் பை. பை ஜிப்பில் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்து தொங்கியது. அந்த வாத்தை வாங்கிக் கொடுத்தவர் மாஸ்டர். கார் நட்டநடுத் தெருவில் தூக்கிப்போட்டு நின்றது.

"ஐயையோ! நான் போட்டேனா, நீங்க போட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான்."

"யாரும் குறுக்க வரலையே மாஸ்டர்?"

"பிரேக் புடிக்குதான்னு பாத்தேன்" என்றார் மாஸ்டர். பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டிப்போனான்.

கண்ணாடியை இறக்கி ஒரு குரல் கொடுத்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். "ஏய் பட்டாணி!" என்றால் போதும். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் வந்த பெயர். இப்போது பதினைந்து வயதில் அப்பா தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், பெயர் மட்டும் வளரவில்லை. ஆனால் மாஸ்டர் குரல் கொடுக்கவில்லை. பழகுகிறவரை ஸ்டியரிங்கில் தனியாக விட்டுவிட்டு இறங்கக் கூடாது, அது விதி. ஓட்டுகிறவர் பக்கத்தில் கத்தக் கூடாது, அதுவும் விதி. இப்படி ஒவ்வொரு விதியாக மனசுக்குள் எடுத்து அடுக்கினார். உண்மையில் அவருக்குப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் என்ன கேட்பது? மகளிடம் "சாப்பிட்டியா", "தூங்கலையா" தவிர வேறு எதையும் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

"டாக்டரம்மா, இன்னிக்கு மெதுவா ஓட்டறது எப்படின்னு பழகலாம்" என்றார்.

"இதுக்கு மேல மெதுவாவா?"

"நடக்கற வேகத்துல. அதோ ஒரு பொண்ணு பச்சைப் பை மாட்டிட்டுப் போகுது பாருங்க. அது பின்னாடியே. முந்தக் கூடாது, நெருங்கக் கூடாது."

டாக்டரம்மாவுக்கு இது பிடித்துவிட்டது. முதல் கியரில், கிளட்சைப் பாதி விட்டும் பாதி மிதித்தும், கருகல் வாடை அடிக்க அடிக்க, அந்தப் பெண் பின்னால் கார் ஊர்ந்தது. அவள் தபால் ஆபீஸ் முனையில் இடப்பக்கம் திரும்பினாள். மரம் அறுக்கும் பட்டறையைத் தாண்டி மறுபடி இடப்பக்கம். துணி வெளுக்கும் கடை, பூட்டிக் கிடந்த சினிமாக் கொட்டகை, மறுபடி இடப்பக்கம். யாரிடமும் பேசவில்லை. யாருக்கும் போன் பண்ணவில்லை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தாள். பஸ் வந்தது, போனது, அவள் ஏறவில்லை. எழுந்து இன்னொரு இடப்பக்கம் திரும்பியபோது மாஸ்டர் எதிரே பார்த்தார். அதே தபால் ஆபீஸ்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஸ்கூலுக்கு மட்டம் போடுகிற பிள்ளை எங்கேயாவது போக வேண்டும். சினிமாவுக்குப் போகலாம், சிநேகிதி வீட்டுக்குப் போகலாம். தபால் ஆபீஸைச் சுற்றுவதற்கா ஒருத்தி மட்டம் போடுவாள்?

சாயங்காலம் அவள் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, வழக்கமான இடத்தில் பையைக் கடாசினாள். மாஸ்டர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து கேட்டார்.

"ஸ்கூல் எப்படி இருந்துச்சு?"

"ம்" என்றாள்.

அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் வேறு எதுவும் கேட்கிறாரா என்று பார்ப்பது போல இருந்தது. மாஸ்டர் பக்கத்தைத் திருப்பினார். அவள் உள்ளே போய்விட்டாள். மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். நாளெல்லாம் "மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி அந்தக் குரலே அவளுக்கு நிலைத்துப்போயிருந்தது. அந்தக் குரலை அவள் எடுத்தால் வீட்டில் சுவர்க் கடிகாரமும் நின்றுவிடும். முதலில் என்ன ஏது என்று நாமே கண்டுபிடிப்போம், பிறகு பதமாகச் சொல்லிக்கொள்வோம் என்று மாஸ்டர் நினைத்தார். துப்பறிகிறாராம்!

வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டுவிடுவது என்று உறுதியாகத்தான் கிளம்பினார். தபால் ஆபீஸ் தெருவுக்கு வந்தால் அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கடைக் கண்ணாடியில் எதையோ பார்ப்பது போன்ற பாவனை. கார் தெருவுக்குள் நுழைந்ததும் நடக்க ஆரம்பித்தாள். மாஸ்டரின் உறுதி தொண்டைக்குழியோடு நின்றது.

"நம்ம பச்சைப் பை!" என்றார் டாக்டரம்மா உற்சாகமாக. "பின்னாடியே போகலாமா?"

"போங்க" என்றார் மாஸ்டர்.

அன்றைக்கும் இடப்பக்கம், இடப்பக்கம், இடப்பக்கம். அடுத்த செவ்வாயும் அப்படியே. ஒரு முனையில் டாக்டரம்மா வண்டியை அணைத்துவிட்டார். திரும்ப உயிர் கொடுக்க நேரம் பிடித்தது. அந்தப் பெண் அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். கட்டினாள், கட்டினாள், கட்டிக்கொண்டே இருந்தாள். வண்டி கிளம்பியதும் அவளும் எழுந்துவிட்டாள். நல்லவேளை, தவறவிடவில்லை என்று மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பார்ப்பதற்குத்தான் கண், யோசிப்பதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

அன்று சாயங்காலம் குட்டு உடைந்தது. பள்ளியிலிருந்து அம்மாவுக்கு போன் வந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து கூடத்தின் நடுவில் நின்றாள்.

"இங்க வா. நில்லு. அசையாத."

பட்டாணி அசையவில்லை. மாஸ்டரும் அசையவில்லை.

"ஸ்கூலுக்குப் போறேன்னு கிளம்பி எங்கடி போற?"

"சும்மா நடக்கறேன்."

"நடக்கறியா? எங்க?"

"தெருவுல."

"தெருவுல நடக்கறதுக்கா உன்னைப் பெத்தேன்? ஏன்டி, யாராவது ஏதாவது சொன்னாங்களா? மிஸ் அடிச்சாங்களா? படிப்பு ஏறலையா? எதுவா இருந்தாலும் சொல்லித் தொலை. எலும்பு உடைஞ்சிருந்தா நானே படம் புடிச்சுப் பாத்துருவேன். மனசுக்குள்ள என்ன இருக்குன்னு எந்த மிஷின்ல பாக்கறது?" அவள் குரல் உடைந்தது. "இப்படி ஒத்தையில சுத்தினா, எவனாவது ஏதாவது பண்ணிட்டா என்னடி பண்ணுவேன்?"

"நான் ஒத்தையில சுத்தலம்மா."

அம்மா ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"ஒத்தையில இல்லையா? யாரு கூட?"

பட்டாணி அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். மாஸ்டர் அவசரமாக ரிமோட்டை எடுத்து, ஓடாத டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள், பையைத் தலைகீழாகக் கொட்டினாள். பேனாவும் பாதி தின்ற பிஸ்கட்டும்தான் விழுந்தன. பெண் வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டருக்கு மண்டை காய்ந்தது. அவர்தான் மூன்று தடவை கண்ணால் பார்த்தாரே, அவள் பக்கத்தில் ஒரு ஈ காக்காய் இல்லை. பின்னே யாரோடு? தான் கவனிக்காத எவனாவது எதிர்ச் சாரியில் நடந்தானா? பட்டறை வாசலில் ஒருவன் நின்றானே, அவனா? அவனுக்கு மாஸ்டரைவிட வயது அதிகம். பஸ் நிறுத்தத்தில்? அங்கே ஒரு நாய்தான் இருந்தது. "அவ தனியாத்தான் இருந்தா" என்று மனைவியிடம் சொல்லலாம். சொன்னால், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட எவனோ ஒருவனைத் தேடுவது மேல் என்று அவருக்குப் பட்டது.

மறுநாள் அப்பா அம்மா இரண்டு பேரும் தலைமையாசிரியை முன்னால் கைகட்டாத குறையாக உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் நல்ல மாதிரிதான், ஆனால் நறுக்கென்று பேசினார்.

"செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வரமாட்டேங்கறா. மத்த நாளெல்லாம் முதல் ஆளா வந்து உக்காந்திருக்கா. வீட்டுல அந்த நாள்ல ஏதாவது விசேஷமா?"

"அந்த நாள்ல முதல் பீரியட் என்ன மேடம்?" என்று கேட்டாள் அம்மா.

"கணக்கு."

"கணக்குதான்!" என்று அம்மா நாற்காலியின் கையைத் தட்டினாள். "நான் அப்பவே நினைச்சேன். ட்யூஷன் வச்சிரலாம்."

செவ்வாய், வெள்ளி என்று கேட்டதும் மாஸ்டரின் மண்டைக்குள் ஏதோ ஒன்று லேசாகத் தட்டியது. என்னவென்று பிடிப்பதற்குள் போய்விட்டது. கணக்காகத்தான் இருக்கும் என்று அவரும் தலையை ஆட்டினார். அவருக்கும் அந்தக் காலத்தில் கணக்கு வராது.

"எதுவா இருந்தாலும் சரி," என்றார் தலைமையாசிரியை, "இன்னும் ஒரே ஒரு நாள் காரணமில்லாம வராம இருந்தா இந்த வருஷம் பரிட்சை எழுத விட முடியாது. வருஷமே போயிடும். மிரட்டறதுக்குச் சொல்லல. விதி அப்படி. காரணம்னு ஒண்ணு இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

மாஸ்டரின் கால் மேஜைக்கடியில் தரையை அழுத்தி மிதித்தது. மேஜை மேலிருந்த பேனாத் தாங்கி ஆடியது. மனைவி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். வருஷம் போய்விடும். அந்த வார்த்தை மட்டும் வழி முழுக்க அவர் காதில் நின்றது. மற்ற பிள்ளைகள் மேலே போக, இவள் மட்டும் அதே பெஞ்சில், தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்திருப்பாள்.

வியாழக்கிழமை அம்மாவே ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கி, உள்ளே போகிறவரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். இனி தினமும் இப்படித்தான் என்றாள். வெள்ளிக்கிழமை விடியும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், கூட வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல். அவள் மகளைக் கட்டிப்பிடித்து, "என் கண்ணுல்ல, இன்னிக்கு மட்டும் தனியாப் போயிடு. அம்மாவுக்காக" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

"ம்" என்றாள் பட்டாணி.

டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பியபோது மாஸ்டர் வேறு வழியாகத்தான் போகச் சொன்னார். அவள் ஸ்கூலுக்குப் போயிருப்பாள், போயே ஆக வேண்டும் என்று திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் மணி அடிக்கிற நேரம் ஆனதும், "தபால் ஆபீஸ் பக்கம் ஒரு தடவை போயிட்டு வந்துரலாம்" என்று அவர் வாயே சொல்லிவிட்டது.

பச்சைப் பை அங்கே நின்றது.

மாஸ்டருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. முடிந்தது, வருஷம் போயிற்று. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் நடந்தாள், கார் ஊர்ந்தது. வழக்கம் போல டாக்டரம்மா சந்தோஷமாக இருந்தார்.

"இந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு மாஸ்டர்."

"எப்படிச் சொல்றீங்க?"

"இத்தனை நாளா பின்னாடி போறோம், எனக்கு ஒரு ரைட் டர்ன் கூட வைக்கலையே! எல்லாம் லெஃப்ட்தான். அன்னிக்கு வண்டி நின்னப்பகூட நமக்காக நின்னுச்சு. எனக்கே பாவமா இருந்துச்சு, எவ்ளோ நேரம்தான் கயிறு கட்டற மாதிரி நடிக்கும்? நீங்கதானே ஏற்பாடு பண்ணியிருக்கீங்க? நல்ல ஐடியா."

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். அவர் காருக்கு மேலே, கூரையில், ஆள் உயரத்தில் முக்கால் நீளத்துக்கு ஒரு சிவப்பு போர்டு இருந்தது. டிரைவிங் ஸ்கூல் என்று தெருக்கோடியில் நின்றாலும் படிக்கலாம். அந்த போர்டை மாட்டிக்கொண்டுதான் இவர் நடக்கிற வேகத்தில், கிளட்ச் கருக, பின்னால் வருகிற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க, மகளுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

முனை வந்தது. அன்றைக்கு இடப்பக்கத் தெருவில் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். நேரே சுவர். போனால் வலப்பக்கம்தான் போக வேண்டும். பட்டாணி முனையில் நின்றாள். பள்ளத்தைப் பார்த்தாள். திரும்பிக் காரைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"ரைட்டா?" என்றார் டாக்டரம்மா. "என்னால முடியாது மாஸ்டர். கண்ணு தானா மூடிக்குது."

பட்டாணி இரண்டடி ரோட்டுக்கு வந்து கையைத் தூக்கினாள். பொறுங்க, என்றது கை. ஒரு லாரி போனது. இன்னும் பொறுங்க. இரண்டு பைக், ஒரு பஸ். பிறகு உள்ளங்கையை மடக்கி, வாங்க, வாங்க என்று கூப்பிட்டாள். டாக்டரம்மா அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடாமல் திரும்பிவிட்டார். வண்டியை ஓரம் கட்டியதும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக் மேல் இல்லை.

பின் கதவு திறந்தது. பட்டாணி ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வணக்கம் ஆன்ட்டி. நல்லாத் திரும்புனீங்க" என்றாள்.

மாஸ்டர் திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார், "எப்போலேருந்து தெரியும்?"

"முதல் நாள்லேருந்து. அவ்ளோ பெரிய போர்டுப்பா."

"அப்புறம் ஏன்டா ஸ்கூலுக்குப் போகல?"

"முதல் நாள் தூங்கிட்டேன். லேட். கேட்டைச் சாத்திட்டாங்க. வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தேன். நீங்க பின்னாடி வந்தீங்க. சரி, கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். கூப்பிடல. வீட்டுல வந்து திட்டுவீங்கன்னு பாத்தேன். அதுவும் இல்ல." அவள் வாத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். "அதான் வெள்ளிக்கிழமையும் பாத்தேன்."

"என்னத்தம்மா பாத்த?"

"கூப்பிடறீங்களான்னு."

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். பதினைந்து வயதுப் பெண், இத்தனை நாள், தெருத் தெருவாக, அப்பன் தவறிப்போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறாள்.

"அம்மாகிட்ட ஒத்தையில இல்லன்னு சொன்னேன்ல. அப்பவாவது சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "நீங்க ஏம்ப்பா கூப்பிடல?"

"தெரியலடா."

"எனக்கும் தெரியல. ஒரே ஒரு நாள் பாத்துட்டு விட்டுரலாம்னுதான் நினைச்சேன். ஏன் விடலைன்னு எனக்கே தெரியல. இப்ப வருஷம் போயிடுமாப்பா?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டரம்மா, கிளினிக் திறக்க நேரம் இருக்கா?"

"இருந்தாலும் இல்லாட்டியும் போகலாம். எங்க?"

"ஸ்கூலுக்கு. முதல் பீரியட் முடியறதுக்குள்ள. ஆனா வழியெல்லாம் ரைட்டுதான்."

டாக்டரம்மா எச்சில் விழுங்கினார். "வலிக்காதுன்னு சொல்லுங்க மாஸ்டர்."

"வலிக்காது" என்றார் மாஸ்டர்.

சந்தை முனையில் முதல் வலது. "இப்பப் போங்க ஆன்ட்டி" என்றது பின்சீட்டுக் குரல். மாஸ்டரின் கால் தானாக எழுந்தது. "அப்பா, காலை எடுங்க. அவங்களே ஓட்டட்டும்." மாஸ்டர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து வைத்துக்கொண்டார். இரண்டாவது திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மூன்றாவது திருப்பத்தில் யாரும் திட்டவில்லை. பள்ளி வாசலில் டாக்டரம்மா நடைபாதை மீது ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்தினார். அதை யாரும் குறை சொல்லும் நிலையில் இல்லை.

தலைமையாசிரியை அறை வாசலுக்கு அவர்கள் போகவும், எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மா ஓடி வரவும் சரியாக இருந்தது. வருகைப் பதிவு எடுத்ததுமே போன் பண்ணிவிட்டார்கள் போல. ஆஸ்பத்திரி கோட்டு, கலைந்த தலை, சிவந்த கண். மகளைக் கண்டதும் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள், உடனே இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தத் தலைக்கு மேலாகப் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க புடிச்சீங்க? யாரு அவன்? யாரு கூடச் சுத்தறா?"

"என் கூட" என்றார் மாஸ்டர்.

அவளுக்குப் புரியவில்லை. உள்ளே இருந்து எழுந்து வந்த தலைமையாசிரியைக்கும் புரியவில்லை. மாஸ்டர் சொன்னார். பார்த்தது, கூப்பிடாதது, பின்னால் போனது, வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தது, டிவி ரிமோட் எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் உளறிக் கொட்டினார். நடுவில் கிளட்சைப் பற்றிக்கூட ஏதோ சொன்னார். "காரணம் கேட்டீங்களே மேடம். நான்தான் காரணம். எழுதிக்கோங்க" என்று முடித்தார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குரலை எடுப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். எடுக்கவில்லை. "ராத்திரியெல்லாம் நான் அழுதேனே, அப்பக்கூட உங்களுக்குச் சொல்லத் தோணலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். அது லேசில் தீரப்போகிற கணக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "இந்த மாதிரி ஒரு காரணத்த நான் கேட்டதே இல்ல" என்றார். பிறகு பட்டாணியைப் பார்த்தார். "முதல் பீரியட் இன்னும் முடியல. இன்னிக்கு லேட்டுன்னுதான் போடப் போறேன். இனிமே செவ்வாய் வெள்ளியெல்லாம் நடக்கணும்னு தோணினா சாயங்காலமா நட. போ."

பட்டாணி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் வகுப்புகளில் பாடம் நடந்துகொண்டிருந்தது. அவள் பாதி தூரம் போயிருந்தாள். வாத்து ஆடியது. முதுகு, பச்சைப் பை, அவர் இத்தனை நாள் பார்த்த அதே காட்சி.

"ஏய் பட்டாணி!"

தாழ்வாரமே அதிர்ந்தது. வகுப்பு ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன. யாரோ "பட்டாணியா!" என்று சொல்ல, ஒரு வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவள் காது நுனி வரை சிவந்து திரும்பி நின்றாள். மாஸ்டர் கூப்பிட்டுவிட்டாரே தவிர, மேற்கொண்டு என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை. பேந்தப் பேந்த விழித்தார். அவள் அங்கிருந்து நகராமல் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லடா," என்றார், "சும்மா கூப்பிட்டேன்."

"ம்" என்றாள் அவள். அப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.